அப்பா வாசித்தது

அக்டோபர் 12, சனி

இந்த நோட்டு இன்னைக்கித்தான் கிடைச்சது. நீல அட்டை. ரெஜினா டீச்சர் எல்லா அம்மாமாருக்கும் ஒண்ணு ஒண்ணு கொடுத்தாங்க. "இதை நான் வாங்கிப் பார்க்க மாட்டேன். பிள்ளையோட வாசிச்சது, வீட்டுல நடந்தது, மனசுல பட்டது, எது வேணும்னாலும் எழுதுங்க. கை பழகுறதுக்குத்தான்"னு சொன்னாங்க. எனக்குக் கை பழக வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு வரை படிச்சவ நான். தமிழ்ல வகுப்பிலேயே முதல் மார்க்கு. அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போய், அவ இடத்துக்கு நான் உப்பளத்துக்குப் போக வேண்டி வந்ததால படிப்பு நின்னுபோச்சு.

வகுப்பு எங்க தெரு அங்கன்வாடியில. சனிக்கிழமை காலையில ரெண்டு மணி நேரம். ஆறு வயசுக்குள்ள இருக்கிற பிள்ளையும் அதோட அம்மாவோ அப்பாவோ சேர்ந்து உக்காரணும். பிள்ளைக்கு மட்டும் பாடம் இல்லை, பெத்தவங்களுக்கும் சேர்த்துத்தான். மழைக்காலத்துல அளம் மூடிக் கெடக்கும், உப்பு வாருற வேலை இருக்காது. அந்த மூணு மாசத்துக்குன்னே இதை வச்சிருக்காங்களாம்.

எங்க தர்ஷிகாவுக்கு அஞ்சு வயசு. முன் வரிசையில போய் உக்காந்துட்டா. இன்னைக்கி வந்தது பதிமூணு அம்மாமார். ஆம்பிளை ஒருத்தர்கூட இல்லை.

ஒரு அட்டையும் தந்தாங்க. தினமும் பத்து நிமிசம் பிள்ளைக்குப் புத்தகம் வாசிக்கணும். 'அம்மா வாசித்தது', 'அப்பா வாசித்தது'ன்னு ரெண்டு வரிசை. வாசிச்ச அன்னைக்கிக் கட்டத்துல டிக் போடணும். இந்த அட்டையை மட்டும் டீச்சர் வாராவாரம் பார்ப்பாங்க.

"வீட்டுக்காரர் வரலையா சண்முகக்கனி?"ன்னு டீச்சர் கேட்டாங்க.

"அவுகளுக்கு நேரம் இல்ல டீச்சர்"னு சொன்னேன்.

அளம் மூடி இவுகளும் பத்து நாளா வேலையில்லாமத்தான் இருக்காக. எப்படி அது வாயில வந்ததுன்னு தெரியலை. என் கையெழுத்தைப் பார்த்து, "அச்சு மாதிரி இருக்கே"ன்னாங்க டீச்சர்.

அக்டோபர் 13, ஞாயிறு

நண்டு ஊஞ்சல் ஆடுற கதையை வாசிச்சேன். இவுக வெளியே போயிருந்தாக.

அக்டோபர் 17, வியாழன்

காலையில ரெண்டு குடம் தண்ணி, துணி துவைப்பு, கூரையில தார்ப்பாயை இழுத்துக் கட்டினது. மழை வர்ற மாதிரி இருக்கு, ஆனா வரலை.

சாயங்காலம் தர்ஷி புத்தகத்தைத் தூக்கிட்டு இவுக மடியில போய் உக்காந்துட்டா. "அப்பா, நீ வாசி."

இவுக பேரு அய்யாத்துரை. ரெண்டாம் வகுப்போட நின்னவுக. எழுத்து சிலது தெரியும், சேர்த்து வாசிக்க வராது. கல்யாணமான நாள்லருந்து ரேஷன் கடை அறிவிப்பு, பேங்கு சீட்டு, பஸ் பலகை எல்லாத்தையும் நான்தான் வாசிச்சுச் சொல்லுவேன். இவுக கேக்குறதுக்கு முன்னாலயே சொல்லிருவேன். அதுல எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.

இவுக புத்தகத்தைப் பிரிச்சு, படத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு கதை சொன்னாக. நண்டுக்குக் கல்யாணம், மேளம், பந்தல், சாப்பாடு. நல்லாத்தான் இருந்தது. தர்ஷி கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "அம்மா வாசிச்சப்ப நண்டு ஊஞ்சல்தானே ஆடுச்சு? கல்யாணம் எங்க இருக்கு, விரலை வச்சுக் காட்டு"ன்னா.

நான் சிரிச்சேன். சும்மாதான் சிரிச்சேன். பக்கத்து வீட்டுச் சந்தனமாரி மதினி அந்நேரம் மாவு கடன் வாங்க வந்திருந்தா, அவளும் சிரிச்சா. இவுக புத்தகத்தை மூடி பிள்ளை கையில கொடுத்துட்டு, சைக்கிளுக்குக் காத்து அடிக்கணும்னு போயிட்டாக. சைக்கிள் வீட்டு வாசல்லயே நின்னுச்சு.

அக்டோபர் 19, சனி

அட்டையில 'அப்பா வாசித்தது' வரிசை முழுக்க வெறுமையா இருந்தது. மத்த வீட்டு அட்டையும் அப்படித்தான். இருந்தாலும் எனக்கு என்னமோ போல இருந்தது. வகுப்புக்குப் போற வழியில கோயில் சுவத்துல அட்டையை வச்சு நாலு டிக் போட்டேன். மடியில வச்சுக் கதை சொன்னாகல்ல, அது வாசிச்ச மாதிரித்தானே.

டீச்சர் அட்டையைப் பார்த்துட்டு எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாங்க. "இந்தத் தெருவுல பிள்ளைக்கு வாசிச்சுக் காட்டுற அப்பா ஒருத்தராவது இருக்காரே!" அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்தாக.

அக்டோபர் 22, செவ்வாய்

இவுக வேலிக்கருவை மரம் வெட்டப் போறாக. வெட்டின கட்டையைச் சுட்டுக் கரியாக்குற கரிமூட்டத்துல ஆள் கேட்டாங்களாம். பிள்ளை தூங்குற நேரத்துக்குத்தான் வாராக.

அக்டோபர் 26, சனி

இந்த வாரம் அஞ்சு டிக்.

நவம்பர் 3, ஞாயிறு

எழுதவே மனசில்லை. ஆனா எழுதிருறேன்.

இன்னைக்கி ரெஜினா டீச்சர் வீட்டுக்கே வந்துட்டாங்க. இவுக வேலைக்குப் போகலை, வாசல்ல உக்காந்து அரிவாள் தீட்டிக்கிட்டு இருந்தாக. டீச்சர் நேரா இவுககிட்டப் போய், "அய்யாத்துரை அண்ணன் நீங்கதானா? உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். வர்ற சனிக்கிழமை எல்லா அப்பாக்களையும் கூப்பிட்டிருக்கோம். நீங்க வந்து பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசிக்கணும். ஒரு ஆம்பிளை வாசிச்சுக் காட்டினாத்தான் மத்தவங்களுக்கும் கூச்சம் விடும்"னாங்க.

இவுக எந்திரிச்சு நின்னாக. என்னைப் பார்த்தாக. நேத்து வகுப்புல வாங்கி வச்ச எங்க அட்டை டீச்சர் கையில இருந்தது. அந்த டிக் எல்லாம் வரிசையா, அழகா இருந்தது.

"சரிங்க டீச்சர்"னு சொல்லி அனுப்பிட்டாக.

டீச்சர் தெரு முக்குத் திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டு நின்னாக. பொறவு, "நான் வாசிச்சேன்னு நீ சொன்னியா?"ன்னு கேட்டாக.

"உங்களுக்கு ஒரு கொறச்சல் வந்துரக் கூடாதுன்னுதான்."

"எனக்கா, உனக்கா?"

நான் உள்ள வந்து அடுப்பைப் பத்த வச்சேன். குழம்புக்குப் புளி கரைக்க மறந்துட்டேன்.

நவம்பர் 4, திங்கள்

மழை. பேச்சில்லை.

நவம்பர் 6, புதன்

தர்ஷி இவுககிட்டயும் பேசினா, என்கிட்டயும் பேசினா. நாங்க ரெண்டு பேரும் அவ வழியாத்தான் பேசிக்கிட்டோம். "அப்பாவைச் சாப்பிட வரச் சொல்லு." "அம்மாகிட்ட மோர் இருக்கான்னு கேளு."

நவம்பர் 9, சனி

காலையில நான் கிளம்பலை. வயித்து வலின்னு சொல்லிரலாம்னு இருந்தேன். இவுக குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, பிள்ளைக்கு ரெட்டைச் சடை போட்டுக்கிட்டு இருந்தாக. சடை ஒண்ணு மேலயும் ஒண்ணு கீழயுமா இருந்தது.

"வாரியா, நாங்க மட்டும் போகவா?"ன்னாக. ஆறு நாளைக்குப் பொறவு நேரா என்கிட்டப் பேசின முதல் பேச்சு.

அங்கன்வாடியில அப்பாமார் அஞ்சு பேர் வந்திருந்தாக. சுவத்தோரமா, எப்பக் கிளம்பலாம்னு நின்னுக்கிட்டு இருந்தாக. டீச்சர் இவுக கையில புத்தகத்தைக் கொடுத்தாங்க. இவுக வாங்கி, ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துட்டு, டீச்சர் கையிலயே திருப்பிக் கொடுத்தாக.

"எனக்கு வாசிக்கத் தெரியாது டீச்சர். ரெண்டாப்போட நின்னவன். அட்டையில இருக்கிறது தப்பு."

நல்லா சத்தமாவே சொன்னாக. கரி படிஞ்ச நகத்தோட கையைக் கட்டிக்கிட்டு நின்னாக. யார் டிக் போட்டதுன்னு சொல்லலை. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். ஒருத்தரும் சிரிக்கலை. சுவத்தோரம் நின்ன அஞ்சு பேர்ல ரெண்டு பேர் மெல்லப் பாயில உக்காந்ததைப் பார்த்தேன்.

டீச்சர் புத்தகத்தை மூடி வச்சாங்க. "சரி அண்ணே. உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்க. பிள்ளைக யாருக்கும் தெரியாத ஒண்ணு."

"எனக்கு உப்புதான் தெரியும்."

"அதைச் சொல்லுங்க."

இவுக கீழே உக்காந்தாக. "தண்ணிய ஒரே பாத்தியில விட்டா நல்ல உப்பு வராது. மொதல்ல பெரிய பாத்தியில நிறுத்தி வெயில்ல காய விடணும். பொறவு அடுத்த பாத்தி. பொறவு அதுக்கடுத்தது. தண்ணி கனத்துக்கிட்டே வரும். நாக்குல ஒரு சொட்டு வச்சா எனக்குத் தெரியும், இது இன்னும் ரெண்டு நாள் கெடக்கணும்னு. பொறவு ஒரு நாள் காலையில பார்த்தா ஓரத்துல பூப் பூத்த மாதிரி வெள்ளையா நிக்கும்."

"மழை பெஞ்சா மாமா?"ன்னு ஒரு பொடிசு கேட்டது.

"பெஞ்சா அம்புட்டும் கரைஞ்சிரும். அதான் மாமா இங்கன வந்து உக்காந்திருக்கேன்."

எல்லாரும் சிரிச்சாங்க, இவுகளும் சிரிச்சாக. டீச்சர் அதுக்குள்ள இவுக சொன்னது ஒவ்வொண்ணையும் பெரிய தாள்ல பெரிய எழுத்துல எழுதிட்டாங்க. "இது உங்க வாயில இருந்து வந்ததுதான் அண்ணே. உங்க பாடம். இதை வச்சே தொடங்குவோம்"னு சொல்லி இவுக கையில கொடுத்தாங்க. தர்ஷி அதுக்குப் பக்கத்துல பாத்தி வரைஞ்சா.

டீச்சர்கிட்ட அட்டையைத் திருப்பி வாங்கிட்டு வந்து, வீட்டுல வச்சு நான் போட்ட டிக் எல்லாத்தையும் அழிச்சேன். தாள் கிழிஞ்சுபோச்சு.

நவம்பர் 14, வியாழன்

தாளைச் சுவத்துல ஒட்டியாச்சு. வேலைக்குப் போகுமுன்ன கொஞ்ச நேரம், வந்து கொஞ்ச நேரம். தர்ஷி குச்சி வச்சுக் காட்டுறா, இவுக வாசிக்காக. "தண்... ணி... ய... ஒ... ரே..." பக்கத்துல நின்னு கீரை ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தேன். "பாத்தி"ன்னு வாயில வந்துட்டு.

"சொல்லாத"ன்னாக.

அடுத்த வரியில, "பெரிய"ன்னுட்டேன்.

"ஏட்டி, சொல்லாதன்னேன்ல."

உதவி பண்ணினா கோவம் வருது. எட்டாவதுல மொத்த வகுப்புக்கும் நான்தான் பாடம் வாசிச்சுக் காட்டுவேன், சார் என்னைத்தான் எழுப்பி விடுவார். தெரிஞ்சதைத் தெரியாத மாதிரி எப்படி நிக்கிறது?

நவம்பர் 18, திங்கள்

இவுக தாளைச் சுவத்துல இருந்து எடுத்துக்கிட்டு, பிள்ளையோட சந்தனமாரி மதினி வீட்டுத் தாழ்வாரத்துல போய் உக்காந்து படிக்காக. இங்க வெளிச்சம் பத்தலையாம். வீட்டுல புது பல்பு போட்டு ஒரு வாரம்தான் ஆகுது.

நவம்பர் 20, புதன்

சாயல்குடி அம்மா வீட்டுல இருந்து போன். தங்கச்சி பூங்கனிக்குப் பிரசவ நாள் நெருங்கிருச்சாம். அம்மாவுக்குக் கண்ணு தெரியாது, நான்தான் போகணும். தர்ஷிக்கு அங்கன்வாடி இருக்கு, வகுப்பும் இருக்கு, அவ அப்பாகூட இருக்கட்டும். பத்து நாளைக்குக் கரிமூட்டத்துக்குப் போகலைன்னு இவுகளே சொன்னாக. அரிசி, பருப்பு இருக்கிற இடம், தர்ஷி சளி மருந்து, எல்லாம் சொல்லிட்டேன். இந்த நோட்டை அலமாரியில வச்சிட்டுப் போறேன். பிரசவ வீட்டுல எங்க உக்காந்து எழுத?

நவம்பர் 22

கனி ஊருக்கு போய்டா. சோரு நான் பொங்குனேன். கொலைஞ்சு போச்சு.

நவம்பர் 23 சனி

கிளாசு போனம். அப்பா 3 பேர்.

நவம்பர் 25

மலை. தண்ணி வீட்டுகுள்ள வந்துது. புத்தகம் மேல வச்சம். தர்சி பயபடல.

நவம்பர் 26

தண்ணி வடிஞ்சுது. பெண் பிள்ள பிறந்துருக்கு. கனி போன்ல சொன்னா. சந்தோசம்.

நவம்பர் 28

இத எழுத ஒரு மனி நேரம் ஆச்சு. கனி பாத்தா சிரிப்பா. சிரிக்கட்டும்.

நவம்பர் 29

கனி இல்ல. வீடு நல்லா இல்ல.

டிசம்பர் 1, ஞாயிறு

மத்தியானம் வந்து சேர்ந்தேன். தண்ணி வந்த தடம் சுவத்துல முழங்கால் உசரத்துக்கு இருக்கு. வீட்டைக் கழுவித் துடைச்சு வச்சிருந்தாக. தர்ஷி ஓடி வந்து கட்டிக்கிட்டா. இவுக கடைக்குப் போயிருந்தாக.

ஊர்ல நடந்ததை எழுதலாம்னு நோட்டை எடுத்தேன். எடுத்தவ அப்படியே உக்காந்துட்டேன்.

ஆறு நாள் எழுதியிருக்காக. பென்சிலை அழுத்தி எழுதினதுல பின்பக்கமெல்லாம் மேடா இருக்கு, விரலை வச்சுத் தடவினா தெரியுது. நான் பேனாவை எடுத்துட்டேன். 'சோரு'ன்னு இருக்கு, 'மலை'ன்னு இருக்கு, திருத்தணும்னு கை தானாப் போகுது. மூடியைக் கழத்தினேன். மறுபடி மாட்டி வச்சிட்டேன்.

'சிரிக்கட்டும்'கிற இடத்தை எத்தனை தடவை வாசிச்சேன்னு தெரியலை.

இவுக வந்தாக. கையில நோட்டைப் பார்த்ததும் கண்ணை வேற பக்கம் திருப்பிக்கிட்டாக. "அன்னைக்கி நண்டுக் கதைக்கு நான் சிரிச்சது தப்பு. டிக் போட்டதும் தப்பு. உங்களுக்காகப் போடலை. எனக்குத்தான் கொறச்சலா இருந்தது"ன்னு சொன்னேன்.

"எந்த நண்டு?"ன்னாக. மறந்திருக்க மாட்டாக. பொறவு, "எழுத்துல தப்பு ரொம்ப இருக்கோ?"ன்னு கேட்டாக.

"இருக்கு."

"எத்தனை?"

"நான் எண்ணலை"ன்னேன்.

பையில இருந்து மீனை எடுத்துக் கொடுத்தாக. சாளை. நானே ஆய்ஞ்சேன், இவுக பிள்ளையோட பக்கத்துலயே உக்காந்து படிச்சாக. வெளிய போகலை.

டிசம்பர் 7, சனி

ஒவ்வொரு வீடும் தனக்குத் தெரிஞ்சதை வச்சு ஒரு புத்தகம் செய்யணும்னு டீச்சர் சொல்லியிருக்காங்க, சந்தனமாரி மதினியும் ஒண்ணு தயார் பண்ணுறா. அவ சொல்லச் சொல்ல நான் எழுதிக் கொடுத்தேன். வாராவாரம் அப்பாமார் கூடுறாக, இன்னைக்கி ஏழு. கரிமூட்டத்துல இருந்து இவுகளே ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்தாக. "தெரியலன்னு ஒரு தடவ சொல்லிட்டா போதும்ல, பொறவு ஒண்ணுமில்ல"ன்னு அவங்ககிட்டச் சொல்லிக்கிட்டு இருந்தாக.

டிசம்பர் 13, வெள்ளி

நாள் முழுக்க அடைமழை. நான் புது வார்த்தையா எழுதிக் கொடுக்கேன், இவுக வாசிக்காக. நாக்கைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். இன்னைக்கி ரெண்டு இடத்துலதான் வாய் தவறுச்சு.

டிசம்பர் 28, சனி

அடுத்த சனியோட வகுப்பு முடியுது. எல்லாக் குடும்பமும் செஞ்ச புத்தகங்களை வச்சு ஒரு கூட்டம். ஆனா அவங்கவங்க புத்தகத்தை அவங்கவங்க வாசிக்கக் கூடாதாம். வேற வீட்டுப் புத்தகம் சீட்டுக் குலுக்கி வரும், அப்பவே வாசிக்கணும். உப்புப் பாடம்னா இவுகளுக்கு மனப்பாடம். இது வேற. நான் பயந்துட்டேன். இவுக, "அதுதான சரி"ன்னாக.

ஜனவரி 4, சனி

அங்கன்வாடி நிறைஞ்சுபோச்சு. வாசல்லயும் ஆள். கயித்துல துணி காயப் போட்ட மாதிரி பதினொரு புத்தகம் தொங்குச்சு. எங்க புத்தகம் மூணாவது, தர்ஷி வரைஞ்ச பாத்தி அட்டையில நீலமா இருந்தது.

இவுகளுக்கு வந்த சீட்டு சந்தனமாரி மதினி வீட்டுப் புத்தகம். மதினி ஆடு வளர்க்கிறவ, அதைப் பத்தித்தான் சொல்லியிருந்தா. அதுல எழுத்து பூரா என் கையெழுத்து. ஒவ்வொரு வரியும் எனக்குத் தெரியும், எந்த இடத்துல எந்த வார்த்தை வரும்னு தெரியும். எழுதுறப்ப இது இவுக கைக்கு வரும்னு நினைச்சேனா? நினைச்சிருந்தா சின்னச் சின்ன வார்த்தையாப் போட்டிருப்பேன்.

இவுக நடுவுல போய் நின்னாக. பக்கம் திருப்பத் தர்ஷி பக்கத்துல நின்னா. வெள்ளைச் சட்டை. கழுத்துல வேர்வை.

"எங்க வீட்டில் மூன்று ஆடு." நிறுத்தி, மூச்சு விட்டு, "காலையில் எழுந்ததும் ஆடு கத்தும்." சரியா வந்தது. அடுத்த வரியும் வந்தது. பக்கம் திரும்பிச்சு.

"மழை நாளில் அம்மா..." அந்த இடத்துல நின்னுட்டாக.

எனக்குத் தெரியும். 'வெள்ளாட்டுக்குட்டிகளை.' ஏன்தான் அப்படி எழுதித் தொலைச்சேனோ.

"வெ..."ன்னாக. "வெள்..." விரலைத் தாள்ல வச்சாக. வாசல்ல நின்ன ஒருத்தர் இருமினார். தர்ஷி திரும்பி என்னைப் பார்த்தா. டீச்சரும் என்னைப் பார்த்தாங்க. மதினி என் தொடையில இடிச்சு, "சொல்லுடி, பாவம்"னு காதுக்குள்ள சொன்னா.

வார்த்தை என் பல்லுக்குள்ள வந்து நின்னுச்சு. சேலைத் தலைப்பை வாயில வச்சு அமுக்கிக்கிட்டேன். எனக்கு என்னத்துக்கோ கண்ணு நிறைஞ்சுபோச்சு.

"வெள்ளா... வெள்ளாட்டு..." மறுபடி முதல்ல இருந்து. "வெள்ளாட்டுக்... குட்டி..." இவுக நிமிரலை, யாரையும் பார்க்கலை. "குட்டிகளை." அப்புறம் சேர்த்து, கொஞ்சம் சத்தமா: "மழை நாளில் அம்மா வெள்ளாட்டுக்குட்டிகளை வீட்டுக்குள் கட்டுவாள்."

"எங்க வீட்டுக் குட்டிதான்!"னு மதினி கத்தினா. கூட்டமே சிரிச்சுக் கை தட்டிச்சு. இவுக கை தட்டு முடியுற வரை நின்னு, மிச்ச ரெண்டு வரியையும் வாசிச்சு முடிச்சுட்டுத்தான் வந்தாக. என் பக்கத்துல உக்காந்தாக. சட்டை முதுகோட ஒட்டியிருந்தது.

"அந்த எடத்துல நீ சொல்லிருவேன்னு நெனச்சேன்"ன்னாக.

"நானும் அப்படித்தான் நெனச்சேன்."

இவுக என் கையை எடுத்து ஒரு தடவை அமுக்கிட்டு விட்டுட்டாக. அத்தனை ஆளுக்கு நடுவுல. கல்யாணமாகி ஏழு வருசத்துல இப்படி ஒரு நாளும் நடந்ததில்லை.

அப்பத்தான் மதினி வீட்டுக்காரர் உள்ள வந்தார். துறைமுகத்துல லோடு இறக்கிட்டு, குளிக்கக்கூட இல்லாம ஓடி வந்திருக்கார். "முடிஞ்சிருச்சா? எங்க புத்தகம் முடிஞ்சிருச்சா?"ன்னு கேட்டார். மதினி திரும்பி இவுகளைப் பார்த்தா. "அண்ணே, அவுக கேக்கலையே. இன்னொரு தடவை வாசிச்சுக் காட்டுவீகளா?"

டீச்சர் என்னமோ சொல்ல வாயெடுத்தாங்க. இவுக அதுக்குள்ள எந்திரிச்சு, சட்டையை இழுத்து விட்டுக்கிட்டு, தர்ஷியைக் கைப்பிடிச்சுக் கூட்டிக்கிட்டு நடுவுல போய் நின்னு, முதல் பக்கத்துல இருந்து வாசிக்கத் தொடங்குனாக.